பின் இடது ஸ்பீக்கரில் மழை

பின் இடது ஸ்பீக்கரில் மட்டும் மழை பெய்துகொண்டிருந்தது.

ஜெயந்தி முதலில் ஜன்னலைத்தான் பார்த்தாள். வைகாசி பிறந்துவிட்டால், தேயிலையும் இறப்பரும் வளர்க்கிற டன்ரோஸ் தோட்டத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மழை இறங்காத நாள் அபூர்வம். மலை முகட்டிலிருந்து இறப்பர் மரங்களின் தலைமேல் நடந்து வருகிற அதன் சத்தம் வீட்டை அடைய ஐந்து நிமிடம் எடுக்கும், அதற்குள் துணியையும் விறகையும் உள்ளே எடுத்துப் போட்டுவிடலாம். ஆனால் அன்றைக்கு வெளியே நல்ல வெயில். எதிர்வீட்டு வேலியில் விரித்திருந்த போர்வையின்மேல் ஒரு கோழி ஏறி நின்றுகொண்டிருந்தது. ஒரு இலைகூட அசையவில்லை.

அவள் இசையை நிறுத்தினாள். மழையும் நின்றது. மறுபடி ஓட விட்டாள். முன்னாலிருந்த மூன்று ஸ்பீக்கர்களிலும் இரண்டு வயலின்களும் ஒரு வயோலாவும் ஒரு செல்லோவும் விட்ட இடத்திலிருந்து எழுந்து வந்தன. பின் வலதில், அவை கல் சுவரில் பட்டுத் திரும்புகிற மெல்லிய எதிரொலி. பின் இடதில், அந்த எதிரொலிக்கும் அடியில், மழை.

கேட்பதுதான் அவளுடைய வேலை. மேற்கத்தியச் சாஸ்திரிய இசையை மிக நுணுக்கமாகப் பதிவுசெய்து இணையத்தில் விற்கிற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இருந்தது. வழக்கமான பாட்டு மாதிரி இரண்டு காதுக்கு இரண்டு சத்தம் இல்லை. மண்டபத்தைச் சுற்றி வைத்த மைக்குகளின் சத்தம் தனித்தனிச் சேனலாக வரும். ஐந்து ஸ்பீக்கர்களை வட்டமாக வைத்து நடுவில் உட்கார்ந்தால் அந்த மண்டபத்துக்குள்ளேயே உட்கார்ந்த மாதிரி இருக்கும். அதை இறக்கிக் கேட்கிறவர்கள் ஒரு இருமலைக்கூடப் பொறுக்க மாட்டார்கள். அதனால் விற்பனைக்குப் போகுமுன் யாராவது ஒருவர் முழுவதையும் சேனல் சேனலாகக் கேட்டு, எந்த நிமிடத்தில் நாற்காலி கிரீச்சிட்டது, எங்கே தாள் புரண்டது, எங்கே ஒலி ஒரு கணம் அறுந்தது என்று எழுதித் தர வேண்டும். கொழும்பில் றினாஸ் என்ற பையன் நடத்தும் சின்ன அலுவலகத்துக்கு அந்த வேலை வந்தது. அவன் ஜெயந்தியைத் தேடிப் பிடித்தான். இரத்தினபுரியில் கன்னியாஸ்திரிகளிடம் ஓர்கன் படித்து, இருபது வருஷம் தோட்டத்து மாதாகோயிலில் வாசித்தவள். அவளுக்குப் பாம்புக் காது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஓட்டில் விழும் மழை வேறு, தேயிலையில் விழும் மழை வேறு. இது தகரத்தில் விழுகிற மழை. அதுவும் புதுத் தகரம் இல்லை. ஆணி தளர்ந்து, ஓரம் தூக்கி, காற்றுக்கு லேசாக அடித்துக்கொள்கிற பழைய லயத்துத் தகரம், தொழிலாளர் வரிசைவீடுகளின் கூரை.

கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு பச்சைக் கோடு உண்டு, சத்தம் வந்தால் எழும்பும், அடங்கினால் இறங்கும். பின் இடதின் கோடு அடியில் படுத்துக் கிடந்தது. மழை கேட்டுக்கொண்டிருந்தது.

பின் இடது, 4 நிமிடம் 11 விநாடி, மழைச் சத்தம் என்று எழுதி அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் றினாஸ் போனில் கோல் எடுத்தான்.

"அக்கா, நீங்க எழுதின இடத்தை மூணு தரம் போட்டுப் பாத்தேன். மழையும் இல்ல, ஒண்டும் இல்ல."

"நல்லாக் கேட்டீங்களா தம்பி? தகரத்துல பெய்யிற மாதிரி கேக்குது."

"அது நோர்வேயில எடுத்தது அக்கா, கல் கோயில். அங்க எங்கால தகரம்?" அவன் சிரித்தான். "மழை உங்கட பக்கம்தான் போல."

கோப்பு இறங்கும்போது கெட்டிருக்கலாம். நாற்பது நிமிட இசை பன்னிரண்டு ஜிபி. மலையில் சிக்னல் வந்து வந்து போகும். அவள் பழையதை அழித்துவிட்டு மறுபடி இறக்கினாள். மறுநாள் மத்தியானம்தான் இறங்கி முடிந்தது. மழை மறுபடியும் இருந்தது. ஆனால் இந்தமுறை 4:11 வரை காத்திருக்கவில்லை. இரண்டாவது நிமிடத்திலேயே தொடங்கிவிட்டது.

அவள் லியோனிடம் சொல்லவில்லை. லியோன் அவளுடைய புருஷன், தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக். நல்ல மனுஷன், ஆனால் சத்தம் இல்லாமல் இருக்கத் தெரியாதவன். வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ரேடியோவைப் போட்டுவிடுவான். மழைக்குளிரில் போர்வைக்குள் நடுங்கினாலும் ராத்திரி ஃபேன் ஓட வேண்டும். கல்யாணம் கட்டிய புதிதில் இப்படி இல்லை. கடந்த ஏழு வருஷமாகத்தான். ஏன் என்று அவள் கேட்டதில்லை. அவளுக்குள்ளும் கேட்கக்கூடாத ஒன்று இருந்ததால், அவனுடையதைத் தொடாமல் விட்டிருந்தாள்.

அடுத்து வந்தது ஒரு பாடகர் குழு. அறுபது பேர், இறந்தவர்களுக்கான பூசைப் பாட்டு. கணினி மேசையும் ஸ்பீக்கர்களும் தவிர வேறொன்றும் இல்லாத அந்தச் சின்ன அறையில், சிவப்புச் சிமெண்டுத் தரையின் நடுவில் போட்ட நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். வெளியே நிஜ மழை இறங்கியிருந்ததால் எது உள்ளே எது வெளியே என்று பிரிப்பது சிரமமாக இருந்தது. ஜன்னலையும் கதவையும் சாத்தி, கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்தாள். ஆண்களின் குரல் ஆழத்திலிருந்து ஏறி, பெண்களின் குரல் அதன்மேல் விரிந்து, மண்டபம் நிறைந்து ததும்பிய இடத்தில், பின்னாலிருந்த இரண்டு ஸ்பீக்கர்களிலும் அதே தகர மழை. இப்போது மழைக்குள் வேறொன்றும் இருந்தது. சேற்றில் கால் புதைந்து, உறிஞ்சி, விடுபடுகிற சத்தம். தொப். தொப். பல கால்கள். யாரோ எதையோ தேடி நடக்கிறார்கள்.

பாட்டு அடங்கியது. கடைசிச் சுரத்துக்குப் பிறகு மண்டபத்தின் மௌனத்தையும் பத்து விநாடி விட்டுவைப்பார்கள். அதையும் கேட்டாக வேண்டும். அறுபது பேரும் மூச்சை அடக்கி நிற்கிற அந்த மௌனத்தில், பின் இடதில், இரும்பில் ஏதோ ஒன்று பட்டது.

டக்.

அவள் பிளக்கையே இழுத்துவிட்டாள்.

அன்று லியோன் வந்து ரேடியோவைப் போட்டபோது அவள் முதல்முறையாக அதற்கு நன்றி சொல்லிக்கொண்டாள். சோறு போடும்போது குழம்பைத் தட்டுக்கு வெளியே ஊற்றினாள். "காய்ச்சலா?" என்றான். "இல்லைங்க, தலைவலி" என்றாள். அவன் ரேடியோவை இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

வேலையை விட்டுவிட்டிருக்கலாம். றினாஸிடம் உடம்பு முடியவில்லை என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் மறுநாள் மத்தியானம் அவன் கோல் எடுத்தபோது அவள் சொன்னது வேறு.

"அடுத்தது எப்ப வரும் தம்பி?"

"அதுதான் அக்கா சொல்ல வந்தேன். இனி வாரதெல்லாம் புது மாதிரி. தலைக்கு மேலாலயும் சத்தம் வரும். நாலு ஸ்பீக்கர் பஸ்ஸில போட்டு விடுறேன், சீலிங்ல பூட்டணும்."

லியோன் ஏணி போட்டு நாலு மூலையிலும் ஸ்பீக்கர்களைப் பூட்டினான். வாயில் ஸ்குரூக்களைக் கடித்துக்கொண்டே பேசினான்.

"கூரையில எதுக்கு, புள்ள, சத்தம்? மனுசன் முன்னாடி நடக்கிறதைத்தானே கேப்பான்?"

"கோயில்ல ஓர்கன் மேல மாடியிலதாங்க இருக்கும். அங்கயிருந்து வரணுமே."

"அப்ப நீ கீழ இருக்கப் போற."

"ஆமா. கீழதான்."

சொன்ன பிறகு அந்த வார்த்தை அறைக்குள்ளேயே நின்றது. லியோன் ஏணியில் ஒரு கணம் கையை நிறுத்தினான். பிறகு டிரில்லை அழுத்தினான்.

ஏழு வருஷத்துக்கு முன், இதே வைகாசியில், நாலு நாள் விடாமல் பெய்த மழையில் தோட்டத்தின் மேப்பிரிவில் மலை சரிந்தது. குடும்பத்துக்கு ஒரு அறையாகப் பத்து காம்பரா கொண்ட லயம் ஒன்று அப்படியே போனது. பதினெட்டுப் பேர். அதில் ஏழு பேரை எடுத்தார்கள். எடுக்காத பதினொரு பேரில் ஜெயந்தியின் அக்கா ஹில்டாவும், ஹில்டாவின் மகள் சரோனும் இருந்தார்கள். சரோனுக்கு ஐந்து வயது. இப்போது ஜெயந்தி இருக்கும் இந்த வீடு அதற்குப் பிறகு கீழ்ப்பிரிவில் கட்டிக் கொடுத்தது. சரிவு நடந்த இடம் இரண்டு மலைக்கு அப்பால்.

மலை சரிந்த மூன்றாம் நாள் காலை. மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஆட்கள் கையால் தோண்டிக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் மேலே மலை இன்னொரு இடத்தில் வெடித்து நின்றது. ஒரு கை புகுகிற அளவுக்கு வெடிப்பு. எந்த நிமிடமும் அது இறங்கலாம் என்றார்கள். குழிக்குள் பத்துப் பேர், கையில் அலவாங்கு என்கிற கடப்பாரையும் மண்வெட்டியும். அதில் லியோனும் ஒருவன். பொறுப்பாக நின்ற அதிகாரி, உள்ளே உயிரோடு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை என்றால் ஆட்களை வெளியே எடுக்கப் போவதாகச் சொன்னார். சேற்றுக்குள்ளிருந்து லயத்தின் தண்ணீர்க் குழாய் ஒன்று இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மனைவியையும் மகனையும் உள்ளே விட்டிருந்த அழகமுத்து என்ற ஆள்தான் கத்தினான், அந்தப் புள்ளையைக் கூப்பிடுங்க, அதுக்குப் பாம்புக் காது என்று. எல்லோரையும் அமைதியாக நிற்கச் சொன்னார்கள். ஜெயந்தி முழங்கால் போட்டு, குழாயில் காதை வைத்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை என்றாள்.

ஆட்கள் வெளியே வந்தார்கள். தேடுவது அத்தோடு நின்றது. மேலே வெடித்து நின்ற மலை அன்றைக்கு விழவில்லை. மறுநாளும் விழவில்லை. இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

ஓர்கன் பதிவு வியாழக்கிழமை இறங்கி முடிந்தது. மத்தியானம் மூன்று மணி. வானம் இறங்கி, அறைக்குள் லைட் போடாமல் கையைப் பார்க்க முடியாத இருட்டு. லியோன் தொழிற்சாலைச் சாமான் ஒன்றுக்காக எம்பிலிப்பிட்டிய டவுனுக்குப் போயிருந்தான், அந்திக்குத்தான் வருவான். அவள் கதவைச் சாத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். பயம் இருந்தது. ஆனால் அந்த ஒற்றை டக்குக்குப் பிறகு என்ன வரும் என்று கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

இசை தொடங்கியது. ஓர்கனின் மிகப் பெரிய குழாய்களின் சத்தம் காதுக்கு வருமுன் தரைக்கு வந்தது. பாதத்தில் ஏறி, நாற்காலிக் காலில் ஏறி, நெஞ்செலும்பில் நின்றது. அதன்மேல் சின்னக் குழாய்கள், வெள்ளி மாதிரி, அங்கங்கே. அழகாக இருந்தது. மூன்று நிமிடம், நாலு நிமிடம், வெறும் இசை மட்டுமே. அவள் தோள் தளர்ந்தது. ஒருவேளை எல்லாம் தன் மனசு செய்ததுதானோ என்று நினைத்தாள்.

அப்போது தலைக்கு மேலே யாரோ நடந்தார்கள்.

சேற்றுக் கால்கள். முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கு. பிறகு இன்னொருவர். பிறகு பலர். அலவாங்கு மண்ணில் குத்தும் சத்தம், கல்லில் படும் சத்தம், வாளி கைமாறும் சத்தம், எங்கோ தூரத்தில் ஒரு பெண் ஓலமிட்டு அழும் சத்தம், எல்லாம் தடித்த ஏதோ ஒன்றின் வழியாக, போர்வைக்கு மேலிருந்து கேட்பதுபோல் மழுங்கி வந்தன. பெக்கோ இயந்திரம் இருமி அடங்கியது. ஒரு ஆண் குரல் சிங்களத்திலும் தமிழிலும் கத்தியது.

"ஒக்கொம நிஸ்ஸப்த வென்ன! ஒருத்தரும் சத்தம் போட வேணாம்!"

மேலே எல்லாம் நின்றது. ஓர்கன் மட்டும், வெகு தொலைவில்.

அழகமுத்துவின் குரல். "அந்தப் புள்ளையைக் கூப்பிடுங்க. அதுக்குப் பாம்புக் காது."

ஜெயந்தி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். எழ வேண்டும். எழாமல் கணினியைப் பார்த்தாள். திரையில் ஒன்பது பச்சைக் கோடுகளும் அடியில் படுத்துக் கிடந்தன.

பின் இடதில் மூச்சு.

அவள் தோளுக்குப் பின்னால், ஒரு முழ தூரத்தில், வாயால் விடுகிற மூச்சு. சளி கரகரக்கிறது. அதனோடு ஒட்டி, இன்னொரு மூச்சு. சின்னது. வேகமானது. பிறகு, இரும்பில்:

டக்.

டக் டக்.

அவள் அன்றைக்குக் கேட்டது அதுதான். குழாயின் குளிர் காதில் ஒட்டியிருக்க, ஒன்று, பிறகு இரண்டு. தண்ணீர் சொட்டுவதாக இருக்கலாம். கல் உருளுவதாக இருக்கலாம். ஏழு வருஷமாக அவள் தனக்குச் சொல்லிக்கொண்டது அது. ஆனால் அன்றைக்கு அவள் தலையைத் தூக்கியபோது முதலில் பார்த்தது குழிக்குள் இடுப்பளவு சேற்றில் நின்ற லியோனை; அடுத்துப் பார்த்தது அவன் தலைக்கு மேலிருந்த வெடிப்பை.

மேலே, கூரையிலிருந்து, ஒரு பெண் குரல் வந்தது. இளைத்த குரல். அவளுடைய குரல்.

"இல்லைங்க. ஒண்ணும் கேக்கலை."

மூச்சு நின்றது. இரண்டும்.

கால்கள் நடக்கத் தொடங்கின. ஒவ்வொன்றாக. குழியிலிருந்து ஏறி, விலகி. அவளுக்குப் பின்னால், காதோரத்தில், ஒரு குழந்தை கிசுகிசுத்தது. கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தோடு.

"அம்மா, சித்தி குரல்."

பிறகு இரும்பில் வேகமாக. டக் டக் டக் டக் டக். நிறுத்தாமல். மேலே கால்கள் போய்க்கொண்டே இருந்தன.

இசை முடிந்துவிட்டது. எப்போது என்று அவளுக்குத் தெரியாது. தட்டுவது மட்டும் நடந்துகொண்டிருந்தது. மெலிந்து, இடைவெளி விட்டு, மறுபடி. அவள் தரையில் உட்கார்ந்து காதைப் பொத்தியிருந்தாள். கதவு திறந்து லியோன் நனைந்த சட்டையோடு உள்ளே வந்தபோதுதான் நிறுத்தும் பட்டனை அழுத்தும் தைரியம் வந்தது.

"என்ன இது? என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். எல்லாவற்றையும், ஒரே மூச்சில். மழை, கால், குழாய். "நான் பொய் சொன்னேங்க. எனக்குக் கேட்டுச்சு. நீங்க உள்ள நின்னீங்க. மேல மலை நின்னுச்சு. நான் கேக்கலைன்னு சொல்லிட்டேன்."

லியோன் கத்துவான் என்று நினைத்தாள். அடிப்பான் என்றுகூட நினைத்தாள். அவன் ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தான்.

"போடு" என்றான்.

"வேணாங்க."

"போடு, ஜெயந்தி."

போட்டாள். ஓர்கன் எழுந்தது. அவள் சுவரோடு ஒட்டி நின்று அவன் முகத்தைப் பார்த்தாள். நாலு நிமிடம். ஐந்து. கூரையில் கால்கள் நடந்தன. அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. அவனுக்குக் கேட்கவில்லை என்று அவள் நினைத்த நேரத்தில், பின் இடதில் இரும்பு தட்டியது. லியோன் இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து எடுத்து நாற்காலியின் குறுக்குச் சட்டத்தில் வைத்துக்கொண்டான். சின்னப் பிள்ளை தண்ணீரைக் கண்டு காலைத் தூக்குகிற மாதிரி.

"கேக்குதா?" என்றாள்.

"காதுல இல்லை."

அவன் பாதங்களையே பார்த்தான். "அன்னைக்கும் காதுல இல்லை. அலவாங்கைக் குத்தி நிறுத்தி, அதைப் புடிச்சிக்கிட்டு நின்னேன். எல்லாரும் மூச்சுவிடாம நிக்கிறாங்க. அலவாங்குல ஏறி வந்துச்சு. கைக்கு. ஒண்ணு. அப்பறம் ரெண்டு. காலுக்கடியில, ரொம்பப் பக்கத்துல." அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீ கேக்கலைன்னு சொன்னே. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. நான்தான் குழியில இருந்து முதல்ல வெளிய ஏறுனேன்."

ரேடியோ. ஃபேன். ஏழு வருஷம். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பாயில். அவளுக்கு அழுகை வரவில்லை. அவன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் போலிருந்தது. ஒரு அடி எடுத்து வைத்தாள்.

கரண்ட் போனது.

திரை அணைந்தது. ஸ்பீக்கர்களின் நீலப் பொட்டுகள் ஒன்பதும் அணைந்தன. ஓர்கன் பாதியில் அறுந்தது. மழை மட்டும், ஓட்டில். அந்தி வெளிச்சம் ஜன்னலில் சாம்பல் நிறத்தில் நின்றது.

டக்.

இருவரும் அசையவில்லை.

டக் டக்.

ஸ்பீக்கரிலிருந்து இல்லை. அவள் உள்ளங்காலில் அதை உணர்ந்தாள். சிமெண்டுக்கு அடியில்.

"லியோன்."

அவன் எழுந்து வெளியே போனான். பின்வாசலில் எதையோ இழுக்கும் சத்தம். திரும்பி வந்தபோது கையில் அலவாங்கு இருந்தது.

"என்ன செய்யப் போறீங்க?"

"அன்னைக்கு நிப்பாட்டிட்டேன்."

"அது மேப்பிரிவுங்க. இது நம்ம வீடு. இங்க யாரும் இல்லை. ஏங்க!"

முதல் குத்தில் சிமெண்டு விண்டது. கட்டிக் கொடுத்த வீட்டில் இந்த அறைத் தரையை மட்டும் அவனேதான் போட்டான். கல்லும் செம்மண்ணும் கொட்டி, மூன்று நாள் இடித்து இறுக்கி, அதன்மேல் சிமெண்டு. அலவாங்கு இரண்டாவது குத்தில் பாதிவரை இறங்கியது. எதிலும் படாமல். சோற்றில் கரண்டி இறங்குவது மாதிரி. அவன் அதை உருவி எறிந்துவிட்டு, உடைந்த துண்டுகளைக் கையால் பெயர்த்தான். தலை அளவுக்கு ஒரு குழி. உள்ளே சிவந்த சேறு, மினுங்கிக்கொண்டு, மெதுவாக அசைந்துகொண்டு. அதிலிருந்து வாசனை வந்தது. மண்ணெண்ணெய், அடுப்புச் சாம்பல், ஈரப் போர்வை. லயத்துக் காம்பராவின் வாசனை.

லியோன் குப்புறப் படுத்தான். கையை உள்ளே விட்டான்.

"வேணாங்க. வேணாம்."

முழங்கை. தோள். கன்னம் தரையில் பதிந்தது. அவன் உள்ளே துழாவினான். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

துழாவுவது நின்றது.

"புடிச்சிருச்சு" என்றான்.

"என்ன?"

"கையை." அவன் குரல் மிகச் சாதாரணமாக இருந்தது. "இழுக்கலை. சும்மா புடிச்சிருக்கு." விரலால் அதைத் தடவிப் பார்த்து, "சின்னக் கை, ஜெயந்தி."

அவள் பாய்ந்து அவன் மறுகையைப் பிடித்து இழுத்தாள். தோளைப் பிடித்து இழுத்தாள். இடுப்பைக் கட்டி இழுத்தாள். அவனை எதுவும் உள்ளே இழுக்கவில்லை, அவன்தான் வரவில்லை.

"விட்டுட்டு வாங்க! கையை விடுங்க!"

"மாட்டேன்."

குழிக்குள் சேறு ஏறத் தொடங்கியது. சத்தம் இல்லை. விளிம்பைத் தொட்டு, வழிந்து, அவன் தோளைச் சுற்றி, கழுத்தைச் சுற்றி. காதை எட்டி, காதுக்குள் நிறைந்தது. வாயின் ஓரத்தை எட்டியது. லியோன் வாயை மூடிக்கொண்டான். மூக்கால் மூச்சு விட்டான். ஒரு கண் தரையோடு இருந்தது, மறு கண் அவளைப் பார்த்தது. சேறு மூக்கின் கீழ்த் துவாரத்தைத் தொட்டு, சின்னக் குமிழ் ஒன்று விட்டு, மூடியது. அவன் தலையைத் தூக்கவில்லை.

ஜெயந்தி முழங்கால் போட்டு, இரண்டு கையாலும் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய வலது முழங்காலுக்கு நேர் அடியில், சிமெண்டில், யாரோ தட்டினார்கள். ஒரு முறை. அவள் இழுப்பதை நிறுத்தினாள். மூச்சை அடக்கினாள்.

பிறகு, இரண்டு முறை.